1992: பத்துப் படங்களின் பாட்டுக்களும் இரண்டாவது நிரலும்

தமிழ்ச் சினிமாப் பாடல்களுக்குச் சிறந்த ஆண்டு எது என்று எம்மவரிடம் கேட்டால், ஒவ்வொருவரும் தத்தம் இளமைக் காலத்தையே சொல்வார்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரின் அறுபதுகளுக்கு நிகரில்லை என்பார் ஒருவர். எண்பதுகளின் இளையராஜாவை விட்டால் வேறு எது என்பார் மற்றவர். ஆயினும் மூன்று தலைமுறையினரும் ஒரே இடத்தில் கூடி வாதாடக்கூடிய ஆண்டு ஒன்று உண்டு. அது 1992.

காரணம் சுலபமானது. அந்த ஓர் ஆண்டில் எம். எஸ். விஸ்வநாதனின் பெயரும், இளையராஜாவின் பெயரும், தேவாவின் பெயரும், மரகதமணியின் பெயரும், புதிதாக வந்த ஏ. ஆர். ரஹ்மானின் பெயரும் படச் சுவரொட்டிகளில் இருந்தன. பின்னாளில் ஓஸ்கார் விருது பெற்ற இருவர் அவர்களுள் அடக்கம். ரஹ்மான் 2009 இல் பெற்றார். தமிழில் மரகதமணி என்று அறியப்பட்ட கீரவாணி 2023 இல் பெற்றார். இப்படி ஒரு வரிசை வேறெந்த ஆண்டில் கூடிவந்தது என்று சொல்வது கடினம்.

டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள ரிச்சர்ட்சனில் நாம் சில குடும்பங்கள் கூடி, அந்த ஆண்டின் படங்களைப் பாட்டுக்களுக்காக மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தோம். பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்தக் காரியம் நாம் எதிர்பாராத இடத்துக்கு எம்மைக் கொண்டுபோனது. புதிதாக இங்கே வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று எண்ணியே எழுதுகிறோம்.

பட்டியல் போடுவது எமக்குப் புதிதல்ல

கடைக்காரரிடம் வெறும் கசெற் ஒன்றைக் கொடுத்து, விருப்பமான பாட்டுக்களை எழுதிப் பதியச் சொன்ன காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 60 நிமிடக் கசெற்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு பாட்டுக்கள்தான் கொள்ளும். பதின்மூன்றாவது பாட்டை வெட்டுவதா, ஆறாவதை வெட்டுவதா என்று கொப்பித் தாளில் எழுதி எழுதி அழித்தோமே, அதுதான் நாம் செய்த முதல் தரவரிசை. இடம் மட்டாக இருந்தபடியால் தெரிவு செய்யப் பழகினோம்.

வானொலியில் பாட்டுக்களுக்கு இடம் கொடுத்து வரிசைப்படுத்தும் வழக்கமும் எமது தீவோடு சம்பந்தப்பட்டதே. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்களுக்குக் கட்டுப்பாடு விதித்தார். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டு மார்கழியில் பினாக்கா கீத்மாலா என்ற இந்தி நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகத் தொடங்கியது. அமீன் சயானி வழங்கிய அந்த நிகழ்ச்சி வாரந்தோறும் பாட்டுக்களை வரிசைப்படுத்தியது. ஆண்டு முடிவில் அவ்வாண்டுக்கெனத் தனிப் பட்டியலும் வந்தது. தன் பாட்டு எத்தனையாம் படியில் நிற்கிறது என்று அறிய இந்தியா முழுவதும் கொழும்புக்குக் காது கொடுத்தது.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் பெற்றது நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகை. எழுபதுகள் தொடக்கம் பல ஆண்டுகள் அது இசை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்திவந்தது. ஒவ்வொருவருக்கும் 100 புள்ளிகள். அவற்றைப் பத்து இசைத்தட்டுக்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு 30 புள்ளிகளுக்கு மேலும் கொடுக்கக் கூடாது, 5 புள்ளிகளுக்குக் குறைவாகவும் கொடுக்கக் கூடாது. 1, 2, 3 என்று இலக்கமிடுவதைவிட இந்த முறை நல்லது. இரண்டாவதாக வந்ததை முதலாவதிலும் பார்க்கக் கொஞ்சம் குறைவாக விரும்புகிறோமா, வெகுவாகக் குறைவாக விரும்புகிறோமா என்பதைப் புள்ளி சொல்லிவிடும். நாமும் இதையே எடுத்துக்கொண்டோம்.

விதிகளும் வழக்குகளும்

முதலில் வந்த வழக்கு, எந்தப் படங்கள் 1992 இல் சேரும் என்பது. தளபதியையும் குணாவையும் விட முடியாது என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். இரண்டும் 1991 தீபாவளிக்கு வந்தவை. அடுத்த ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது உண்மையே. ஆனாலும் தமிழ்நாட்டில் படம் வெளியான நாளே கணக்கு என்று தீர்மானித்தோம். மற்றப் பக்கத்தில் ஜென்டில்மன் 1993. அதுவும் போயிற்று.

இரண்டாவது வழக்கு, ஒரு பாட்டா, முழுத் தொகுப்பா என்பது. ஒரு பாட்டு நெஞ்சைத் தொட்டால் போதாது, படத்தின் ஐந்தாறு பாட்டுக்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று வைத்தோம். மூன்றாவது, சினிமாவுக்கு வெளியே வந்த ஒலிநாடாக்கள். அவற்றுக்கு வேறொரு நாள் தனிப் பட்டியல் போடுவது என்று முடிவாயிற்று.

இந்த விதிகளின்படி எமக்குக் கிடைத்த பட்டியலைக் கீழிருந்து மேலாகத் தருகிறோம்.

10. சூரியன் - தேவா. சரத்குமாரை நாயகனாக நிலைநிறுத்திய படம். இளைஞர் வாக்கில் உள்ளே வந்தது.

9. செந்தமிழ்ப் பாட்டு - எம். எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தது. மூத்தவர்கள் இதற்குக் கொடுத்த புள்ளிகளில் மரியாதையும் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

8. சிங்காரவேலன் - இளையராஜா. சிரிப்புப் படத்துக்கு இவ்வளவு நல்ல இசை எதற்கு என்று ஒருவர் கேட்டார். அதனால்தான் எட்டாம் இடம் என்று பதில் வந்தது.

7. வானமே எல்லை - மரகதமணி. பாலசந்தரின் படம். சாகத் துணிந்த இளையோரை வாழ்வின் பக்கம் திருப்பும் கதை.

6. நாடோடித் தென்றல் - இளையராஜா. வெள்ளைக்காரர் காலத்துக் கதை. பாரதிராஜாவின் மண்வாசனையோடு சேர்ந்த இசை.

5. செம்பருத்தி - இளையராஜா. நடிகை ரோஜா தமிழுக்கு வந்த படம். "அப்ப ரோஜா படத்தில ரோஜா இல்லையா?" என்று ஒரு சிறுவன் கேட்க, அதில் நடித்தவர் மதுபாலா என்று விளக்க வேண்டியதாயிற்று.

4. அண்ணாமலை - தேவா. ரஜினியின் பெயர் திரையில் எழுத்தெழுத்தாக வரும்போது ஒலிக்கும் அந்த இசை முதன்முதலில் வந்தது இப்படத்தில்தான்.

3. மன்னன் - இளையராஜா. ரஜினி முதன்முதலாகச் சொந்தக் குரலில் பாடியதும் இதிலேயே. ஆனால் இது மூன்றாம் இடத்துக்கு வந்தது ரஜினியால் அல்ல. யேசுதாஸ் பாடிய தாய்ப் பாட்டால்.

2. ரோஜா - ஏ. ஆர். ரஹ்மான். மணிரத்னத்தின் இயக்கம், வைரமுத்துவின் வரிகள், 25 வயது இசையமைப்பாளரின் முதல் தமிழ்ப் படம். 2005 இல் ரைம் சஞ்சிகையின் விமர்சகர் ரிச்சர்ட் கோர்லிஸ் எக்காலத்துக்கும் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புக்களில் ஒன்றாக இதைத் தெரிவு செய்தார். படத்தின் அரசியலோடு உடன்படாதவர்களும் எம்மிடையே இருந்தார்கள். அவர்களும் இசைக்குப் புள்ளி குறைக்கவில்லை.

1. தேவர் மகன் - இளையராஜா. கிராமத்துப் பாட்டும் கர்நாடக இசையும் மேல்நாட்டு வாத்தியங்களும் ஒரே கதைக்குள் எங்கும் உறுத்தாமல் நிற்கின்றன. பாட்டுக்கள் கதையைத் தள்ளிக்கொண்டு போகின்றன. கதையை நிறுத்திவிட்டு ஆடப் போகவில்லை. இதுவே பெரும்பான்மையோரின் தீர்ப்பு.

பத்தில் ஆறு இளையராஜாவுடையவை. அவற்றுள் ஒன்று கூட்டாக. இரண்டு தேவாவுடையவை. ரஹ்மானுக்கு அந்த ஆண்டு தமிழில் இருந்தது ஒரேயொரு படம். அந்த ஒன்றே இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

"உங்களுக்கு அது 92"

ரோஜா முதலாவதாக வராததை ஏற்கவே முடியாது என்றார் எமது அயலவர் ஒருவர். சென்னையில் வளர்ந்தவர். தொலைத்தொடர்புக் கம்பெனிகள் ரிச்சர்ட்சனுக்குப் பொறியியலாளர்களை அழைத்த காலத்தில் வேலைக்கு வந்து, இங்கேயே வீடு வாங்கியவர். "அதெப்படிம்மா, ரோஜா இல்லாத 92ன்னு ஒண்ணு இருக்குமா?" என்று எம்மோடு இருந்த ஒரு தாயாரைக் கேட்டார். அத்தாயார் ரோஜாவுக்கு வெறும் 5 புள்ளிகள் கொடுத்திருந்தார்.

"தம்பி, உங்களுக்கு அது 92. எங்களுக்கு அது 94" என்றார் அவர்.

அவர் கொக்குவிலைச் சேர்ந்தவர். 1990 ஆனி மாதம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் வயரை வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். திருச்சி வானொலி தெளிவாக எடுக்கும். கசெற் போட்டால் இன்னொரு சிக்கல். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். கிளாலிக் கடலைக் கடந்து யாரோ கொண்டுவந்த ரோஜா கசெற் அவருடைய வீட்டுக்கு வந்து சேர இரண்டு ஆண்டுகள் சென்றன. "சின்னச் சின்ன ஆசை எண்ட பாட்டை நான் மெதுவான பாட்டு எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அயலவர் சிரிக்கவில்லை. ஒரே மொழியைப் பேசி, ஒரே பாட்டை விரும்பி, ஒரே தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் இதைக் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகே ஒவ்வொருவரும் தாம் கொடுத்த புள்ளிகளுக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். பாரிசில் இருந்து பின்னர் இங்கே வந்த ஒருவர், லாச்சப்பல் கடைகளில் வாங்கிய கசெற்றுக்களைப் பிரதி எடுத்து, சுவிசிலும் ஜேர்மனியிலும் இருந்த உறவினருக்குக் கடித உறையில் வைத்து அனுப்பியதைச் சொன்னார். அவருடைய 1992 நிறைந்து வழிந்தது. பத்துப் படங்களும் அந்த ஆண்டே அவர் கைக்கு வந்துவிட்டன. கேட்பதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

மன்னனுக்கு 30 புள்ளிகள் கொடுத்தவரிடம், "ஒரு பாட்டுக்காகவா? விதி என்னவாயிற்று?" என்று கேட்டோம். "பாட்டுக்கு இல்லை. அம்மாவுக்கு" என்றார். தாயாரை ஊரில் விட்டு வந்தவர். திரும்பிப் போய்ப் பார்க்கக் கிடைக்கவில்லை.

இன்னொருவருடைய தாளில் அண்ணாமலைக்குப் பிறகு ஒன்றும் இருக்கவில்லை. எஞ்சிய படங்களுக்குக் கடமைக்காக ஐந்து ஐந்தாகப் போட்டிருந்தார். மண்டபம் முகாமில் இருந்தவர் அவர். தேநீர்க் கடை ஒலிபெருக்கியில் அண்ணாமலைப் பாட்டுக்களைக் கேட்டவர். அகதிகளைத் திருப்பி அனுப்புவது அந்த ஆண்டு தை மாதமே தொடங்கியிருந்தது. இவருடைய குடும்பத்தின் முறை வந்தபோது ரோஜா இன்னும் வெளிவரவில்லை. "உங்கட 92 ஏன் பாதியில நிக்குது, அப்பா?" என்று அவருடைய மகள் கேட்டாள். கப்பலேறிய கதையை அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது அன்றுதான்.

இரண்டாவது நிரல்

இவ்வளவையும் கேட்ட பின் பட்டியலைக் கிழித்துவிடலாம் என்றார் ஒருவர். ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக்கே புள்ளி போட்டிருக்கிறோம், இசைக்கு எங்கே போட்டோம் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. கிழிப்பதற்குப் பதிலாகத் தாளில் இன்னொரு நிரலைக் கீறினோம். முதலாவது நிரலில் இசைக்கான புள்ளி. இரண்டாவது நிரலில், அந்தப் பாட்டுக்களை முதன்முதலாக எந்த ஆண்டு, எங்கே, எதில் கேட்டோம் என்பது.

திரும்ப எழுதியபோது முதலாவது நிரல் மாறியது. மன்னனுக்கு 30 கொடுத்தவர் 12 ஆகக் குறைத்துக்கொண்டு, இரண்டாவது நிரலில் அம்மா என்று மட்டும் எழுதினார். கொக்குவில் தாயார் ரோஜாவுக்கு 5 இலிருந்து 20 க்கு உயர்ந்தார். "பிந்தி வந்தது அந்தப் பெடியன்ரை பிழையில்லைத்தானே" என்றார். மேலே நாம் தந்திருப்பது இந்த இரண்டாம் சுற்றின் முடிவு. ரோஜா அப்போதும் முதலிடத்துக்கு வரவில்லை. ஆனால் அயலவர் பிறகு வாதாடவில்லை.

டெல்லியில் நடந்த வாக்கெடுப்பு

இதே இரண்டு படங்களுக்கிடையில் இதே வழக்கு வேறோர் இடத்திலும் நடந்திருக்கிறது. 1992 ஆம் ஆண்டுக்கான 40 ஆவது இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளர் யார் என்ற கேள்விக்கு ரோஜாவும் தேவர் மகனும் சம வாக்குகளைப் பெற்றன. அந்த நடுவர் குழுவின் தலைவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் 1939 இல் பிறந்தவர். எமது மண்ணிலிருந்து போய்ப் பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, தமிழ்ச் சினிமாவில் தனி இடம் பிடித்தவர்.

அவர் யாருக்கு வாக்களித்திருப்பார் என்று ஊகிப்பது கடினமாக இருந்திராது. இளையராஜாவின் 100 ஆவது படம் பாலு மகேந்திரா இயக்கிய மூடுபனி. 1980 இல் வந்த அந்தப் படத்திலிருந்து, மூன்றாம் பிறை, வீடு என்று அவருடைய பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு இளையராஜாவே இசை. 2013 இல் வந்த அவருடைய கடைசிப் படமான தலைமுறைகளுக்கும் இளையராஜாதான். அப்படிப்பட்டவர் தமது தலைவர் வாக்கை ரோஜாவுக்குப் போட்டார். விருது புதியவரான ரஹ்மானுக்குப் போனது.

அதே ஆண்டில் சிறந்த பாடலாசிரியர் விருது சின்னச் சின்ன ஆசைக்காக வைரமுத்துவுக்கும், சிறந்த பின்னணிப் பாடகி விருது தேவர் மகனின் இஞ்சி இடுப்பழகிக்காக எஸ். ஜானகிக்கும் கிடைத்தன. ஜானகிக்கு அது நான்காவது தேசிய விருது.

பாலு மகேந்திராவின் தீர்ப்பு சரியா என்று இன்றும் வாதாடலாம். எமது பட்டியலே அவருக்கு மாறாகத்தான் நிற்கிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. நட்பு ஒரு பக்கம், காதில் விழுந்த இசை மறு பக்கம் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ரோஜாவுக்கு வாக்களித்ததால் இளையராஜா மீது அவருக்கு இருந்த அன்பு குறையவில்லை. அதன் பின்னரும் இருபது ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். அவரிடமும் இரண்டு நிரல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றை மற்றதோடு அவர் குழப்பவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

டெக்சாசுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்கு முதலில் தட்டுப்படுவது தனிமை. வாகனம் இல்லாமல் எங்கும் போக முடியாது. கோடை வெயிலில் தெருவில் ஆளைக் காணவும் முடியாது. கடையிலும் கோயிலிலும் தமிழ்க் குரல் கேட்டாலும், வேலையோடும் விசாவோடும் வந்தவர்களிடம் எமது கதையை எப்படித் தொடங்குவது என்று ஒதுங்கிவிடுகிறோம். அவர்களும் கேட்டால் மனம் நோகுமோ என்று கேட்காமல் இருக்கிறார்கள். பாட்டைப் பற்றிக் கதைக்க அந்தத் தயக்கம் தேவையில்லை. எந்தப் படம் மூன்றாவது, எது நாலாவது என்று தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வரும்.

செலவு ஒன்றுமில்லை. ஆண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அந்த ஆண்டுப் படங்களின் பெயர்களை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கேட்டுவிட்டு வரட்டும். இன்று யூரியூப்பில் எல்லாம் கிடைக்கின்றன, பெடல் சுற்றத் தேவையில்லை. ஆளுக்கு 100 புள்ளிகள், பத்துப் படங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். கணவனின் தாளை மனைவி பார்த்து எழுதினால் வாதமே இராது. பிள்ளைகளுக்கும் சம வாக்குக் கொடுங்கள். எமது வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது நிரலில் எழுதியது, "2019, அப்பாவின் கார், 75 ஆம் நெடுஞ்சாலை." அதுவும் ஒரு பதிவே.

புள்ளிகளைக் கூட்டி முடிவை அறிவித்தவுடன் சாப்பாட்டுக்கு எழும்பிவிட வேண்டாம். இரண்டாவது நிரலைச் சுற்றிவர வாசியுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. வெறுமையாக விட்ட கட்டமும் விடையே. கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்வதா, பிறகு சொல்வதா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்.

அடுத்த முறை நாம் 1986 ஐ எடுப்பதாக இருக்கிறோம். மௌன ராகமும் புன்னகை மன்னனும் ஒரே ஆண்டில் வந்ததால் இப்போதே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. வாசகர்களே, உங்கள் 1992 பட்டியலையும் எமக்கு எழுதி அனுப்புங்கள். ரோஜாவை முதலாவதாகப் போட்டவர்களின் கடிதங்களையும் கட்டாயம் பிரசுரிப்போம். இரண்டு நிரல்களோடும் அனுப்புங்கள்.